பிடி பிடியாக

13-1-1957
இன்றும் செங்கல் நிறம். இவருடைய சிறுநீரை மருந்து நீரில் விட்டுக் காய்ச்சினால், சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே நிற்க வேண்டுமாம். கால் கட்டைவிரல் புண் ஆறவில்லை. சர்க்கரை இறங்காவிட்டால் முதலில் விரலை எடுக்க வேண்டும், பிறகு காலை என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். இவர் வெளியே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரேயடியாக எதையும் மாற்றப்போவதில்லை. ஒரேயடியாக மாறுகிறவர்கள் ஒரேயடியாகத் திரும்புவார்கள்.

20-2-1957
ராத்திரிச் சோற்றில் வாரம் ஒரு பிடி குறைக்கிறேன். அந்த இடத்தில் கம்பு.

"நெல்லு மண்டிக்காரன் வீட்டுல கம்மஞ்சோறா? நொடிச்சுப் போயிட்டான்னு ஊரு சிரிக்கவா?" தட்டைத் தள்ளினார். திரும்ப அவர் முன்னால் நகர்த்தி வைத்தேன். சாப்பிட்டார்.

9-6-1957
விடியுமுன் நடை. முதலில் தெருமுனை வரை போனார், இப்போது ரயிலடி வரை. நான் பின்னால் போகிறேன். "டீச்சரம்மா புருசனை மேய்க்கப் பத்திட்டுப் போகுது" என்றான் பால்கார முனியப்பன். இவரும் சேர்ந்து சிரித்தார்.

சிரிக்கட்டும். நடந்துகொண்டே சிரிக்கட்டும்.

19-11-1957
புண் ஆறிவிட்டது. மருந்து நீர் பச்சை. பச்சைக்கே இவ்வளவு சந்தோஷமா, எனக்கு?

2-2-1958
தாடிக்கொம்பிலிருந்து இவருடைய அக்கா சிவனம்மாள் வந்தாள், மகள் பேச்சாயியோடு. "தம்பி எளந்தாரி கணக்கா ஆயிட்டானே! நீ பள்ளிக்கூடம் போற நாள்ல அவனை யாரு பாப்பா? இவ இங்கனயே இருக்கட்டும், பக்குவத்தைச் சொல்லிக் குடு."

நியாயமாகப் பட்டது. பேச்சாயிக்கு இருபத்திரண்டு வயது. வரன் எதுவும் அமையவில்லை. ஒருமுறை சொன்னால் போதும், பிடித்துக்கொள்கிறாள். இவளைப் படிக்க வைத்திருக்கலாம்.

25-5-1958
நீலம்.

8-6-1958
சிவனம்மாள் மறுபடி வந்தாள். "ஒடம்பு தேறிட்டான். மண்டிக்கு வாரிசு வேணும்ல? ஒனக்கு அம்பதாகப் போவுது, இனிமே எங்கிட்டு? பேச்சாயி அவனுக்கு உரிமையான பொண்ணுதானே."

"சட்டம் இருக்கிறது" என்றேன்.

"சட்டம் வந்து புள்ளை பெத்துக் குடுக்குமா?"

இவர் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார், ஆறிய அந்த விரலில். அடுத்த விரலுக்கு நகர்ந்தார்.

"பத்தியங்கூட அவளுக்கு அத்துபடி. நீயேதான பழக்கிவிட்ட."

நானேதான். கையைப் பிடிச்சுக் கூட்டிப்போய் என் அடுப்படியில நிறுத்துனது நானேதான். படிச்சு என்னத்தைக் கிழிச்சேன்? — பேச்சாயிக்குத் தெரியுமா? கேட்டேன். "என்கிட்ட யாரு அத்தை கேட்டா?" என்றாள்.

11-7-1958
குலதெய்வம் கோயிலில் முடிந்தது. நான் பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தினேன்.

புகார் கொடுக்கலாம். கொடுத்தால் சிறைக்குப் போவார். அதற்கா இந்தக் காலைக் காப்பாற்றினேன்? என் படுக்கை இப்போது புத்தக அறையில்.

26-8-1958
ஆடி முடிந்ததிலிருந்து விருந்து. சாணார்பட்டியில் ஒரு வீடு, வடமதுரையில் நான்கு வீடு. புது மாப்பிள்ளை இலையில் மிச்சம் வைத்தால் விருந்து போட்டவர்களுக்கு அவமானம். ஐம்பத்திரண்டு வயதுப் புது மாப்பிள்ளை வழித்துச் சாப்பிடுகிறார். "போதும் மாமா" என்று பேச்சாயி தடுத்தாளாம். "வந்ததும் வராததுமா வாயைக் கட்டுறா பாரு" என்று பந்தியே சிரித்ததாம்.

நடை நின்றுவிட்டது.

14-9-1958
செங்கல் நிறம். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறார். இடது பாதத்தில் ஒரு கொப்புளம். காட்டினேன்.

"பொறாமை" என்றார்.

28-9-1958
மூத்தவளும் ஒரு விருந்து போட்டால்தான் ஊர் வாய் அடங்கும் என்று சிவனம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள். போட்டேன். பச்சரிசிச் சோறு, அதிரசம், கெட்டியாகப் பருப்புப் பாயசம்.

இவர் பாதத்தில் துணி சுற்றியிருந்தது. உட்காரவே ஒருவர் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு முறை பாயசம் முடிந்து, "இன்னும் கொஞ்சம்" என்று இலையைக் காட்டினார்.

பேச்சாயி என் முந்தானையைப் பிடித்தாள். "அத்தை, நீங்க சொன்னா கேப்பாரு. சொல்லுங்க அத்தை." பந்தி முழுவதும் என்னையே பார்த்தது. இவரும் பார்த்தார், ஒரு கணம், நான் வேண்டாம் என்று சொல்வதற்குக் காத்திருந்ததுபோல.

"விருந்து வீட்டில் யாராவது வேண்டாம் என்பார்களா?" என்றேன். ஊற்றினேன். வழித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.