வளையத்தில் நாற்பத்தொரு சென்டிமீட்டர்

மார்ச் 3, செவ்வாய்

கடையில் இன்று பதினொரு கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்தினேன். ஒன்று அரை மில்லிமீட்டர் பெரிதாக இருந்தது, மறுபடி தேய்த்துக் கொடுத்தேன். கவுண்டரில் இருப்பவர், "உங்க கண்ணுல தப்பிச்சது ஏதாவது உண்டா மேடம்?" என்று கேட்டார். பெருமையாகத்தான் இருந்தது. வீட்டில் சொல்ல ஆள் இல்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஏழு மாதத்துக்குப் பிறகு, என் குட்டி மாடல் டிராம்கள் ஓடும் மேசைமேல் போட்டிருந்த துணியை எடுத்தேன். தூசியில் பத்துத் தும்மல். தண்டவாளத்தைத் துடைத்து, சின்ன ஒற்றைப் பெட்டி டிராமை வைத்து, கன்ட்ரோலரைத் திருப்பினேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினால் ஒரே பாய்ச்சல். நிதானமாகக் கிளம்பத் தெரியாது அதற்கு. எனக்கு மட்டும் தெரியுமா என்ன?

மேசை ஹாலில் தொடங்கி, கதவு வழியாகத் தம்பியின் அறைக்குள் போகிறது. அங்கே பாதை வளையமாகச் சுற்றித் திரும்பி வருகிறது. வளையம்தான் தலைவலி. சுற்றி வந்த தண்டவாளம் தன்னையே தொடும் இடத்தில் பிளஸ்ஸும் மைனஸும் சேர்ந்து ஷார்ட் ஆகும். அதனால் வளையத்தில் இரண்டு இடத்தில் வெட்டு விட்டு, நடுவில் ஒரு தனித் துண்டு வைத்திருக்கிறேன். டிராம் முழுசாக அந்தத் துண்டுக்குள் இருக்கும் நேரம் பார்த்து ஒருவர் ஸ்விட்சைத் தட்டி, வெளிப்பாதையின் பிளஸ் மைனஸை மாற்றிவிட வேண்டும். ஹாலில் கன்ட்ரோலரோடு நான், அறையில் ஸ்விட்சோடு அவன். ஆறு வருஷம் அப்படித்தான் ஓட்டினோம்.

இன்று டிராமைக் கிளப்பிவிட்டு நானே அறைக்கு ஓடினேன். மூன்று முறையும் பிந்திவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் இது என்ன ஓட்டம்! நான்காவது முறை முழங்காலைக் கதவில் இடித்துக்கொண்டு, அவனுடைய காலிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 11, புதன்

முழங்கால் வீங்கியிருக்கிறது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

நீளமாக வயர் இழுத்து ஸ்விட்சை ஹாலுக்கே கொண்டுவந்தேன். இங்கிருந்து வளையம் தெரியாது. கடையில் வேண்டாமென்று போட்ட முகம் பார்க்கும் கண்ணாடியைக் கதவோரம் சாய்த்து வைத்தேன், தெரிகிறது. டிராம் சிக்காமல் போய்த் திரும்பியது. இனி இதை ஓட்ட இன்னொரு ஆள் வேண்டாம்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? ஒரு மணி நேரம் ஓட்டினேன். ஒரு மணி நேரமும் வாயைத் திறக்கவில்லை. யாரிடம் பேச?

மார்ச் 22, ஞாயிறு

எரிந்துபோன இரட்டைப் பெட்டி டிராமை இன்றுதான் டப்பாவிலிருந்து எடுத்தேன். பதினொரு மாதம் உட்கார்ந்து செய்தது. ஆகஸ்டில் ஒரு சாயங்காலம், முதல் ஓட்டத்திலேயே வளையத்தில் நின்று புகைந்து, கூரை உருகிவிட்டது. தம்பி ஸ்விட்சைப் பிந்தித் தட்டினான் என்று கத்தினேன். "சரியாத்தான்க்கா தட்டினேன்" என்றான். நான் விடவில்லை. அவனுக்குக் கல்யாணமாகி மூன்று வாரம். அந்தப் பெண் கதவோரம் நிற்கிறாள். "ஒரு ஸ்விட்ச தட்டத் துப்பில்ல, அதான் எந்த வேலையிலயும் நிலைக்க மாட்டேங்கிற" என்றேன். அந்த வாரமே வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்கள்.

மோட்டாரை மாற்றலாம் என்று திறந்தால், மோட்டாருக்கு ஒன்றுமே ஆகவில்லை. கருகியிருப்பது இரண்டு பெட்டிகளையும் இணைக்கும் மெல்லிய வயர். விளக்குகள் மினுக்கக் கூடாது என்று நான் போட்டது. அவன் பிந்தியிருந்தால், முன்சக்கரம் வெட்டைத் தாண்டும் இடத்திலேயே ஷார்ட் ஆகி முடிந்திருக்கும். கரண்ட் எதற்காகப் பெட்டி விட்டுப் பெட்டி ஓடியது?

மார்ச் 23, திங்கள்

கடை ஸ்கேலைக் கொண்டுவந்து அளந்தேன். வளையத்தில் இருக்கும் துண்டு நாற்பத்தொரு சென்டிமீட்டர். இரட்டைப் பெட்டி, முதல் சக்கரத்திலிருந்து கடைசிச் சக்கரம் வரை, நாற்பத்து நான்கு.

அது துண்டுக்குள் அடங்கவே அடங்காது. பின்சக்கரம் உள்ளே வருவதற்குள் முன்சக்கரம் வெளியே போய்விடும். நடுவில் இருக்கும் வயர் இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிடும். ஸ்விட்சை எப்போது தட்டினாலும் ஷார்ட்தான். ஒற்றைப் பெட்டிக்குப் போதுமென்று துண்டை வெட்டியது நான். வயர் போட்டது நான். ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று அதில் தடித்த கம்பியைச் சுற்றி வைத்ததும் இந்த மகராசிதான். அவன் செய்தது ஒன்றே ஒன்று, நேரத்துக்குத் தட்டினான்.

அரை மில்லிமீட்டர் பாக்கிறவளாம்! மூணு சென்டிமீட்டர் தெரியல. ஐயோ, என்ன பேச்சு பேசிட்டேன் அவன. அதுவும் அவ முன்னாடி.

மார்ச் 26, வியாழன்

நான்கு தடவை போனை எடுத்தேன். நான்கு தடவையும் வைத்துவிட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

பேசிவிட்டேன். "சொல்லுக்கா" என்றான், நேற்றுத்தான் பேசியது போல. நழுவிவிடக் கூடாது என்று எழுதி வைத்துக்கொண்டு வாசித்தேன். துண்டு நாற்பத்தொன்று, வண்டி நாற்பத்து நான்கு, தப்பு முழுக்க என்னுடையது, வேலையைப் பற்றிச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு.

கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் பேசினான்.

"தெரியும்க்கா. அன்னைக்கே நான் அளந்து பாத்துட்டேன்."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"நீ அழுதுட்டிருந்த. அந்த நேரத்துல போய், உன்னாலதான் எரிஞ்சுதுன்னு சொல்லவா?"

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அப்புறம் நீ போனே பண்ணலயேக்கா."

அவன் மனைவியிடமும் பேச வேண்டும் என்றேன். வெளியே போயிருக்கிறாள் என்றான். போயிருக்கலாம். போனை வைத்ததும் அடக்க முடியாமல் அழுதேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

வெட்டுகளைத் தள்ளி வைத்துத் துண்டை ஐம்பத்தைந்தாக நீட்டினேன். ஒழுங்கான ஃப்யூஸ் போட்டேன். ஸ்விட்சைத் திரும்ப அவன் அறைக்கே மாற்றினேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மூன்று மணிக்கு வந்தார்கள், இரண்டு பேரும். அவளிடம் நேராகவே மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை?

அவன் அறைக்குப் போய் ஸ்விட்ச் பக்கத்தில் நின்றான், அவளும் கூடவே. புதுக் கூரை போட்ட இரட்டைப் பெட்டியைக் கிளப்பிவிட்டு, அது வளையத்தைச் சுற்றுவதைப் பார்க்கக் கதவோரம் போய் நின்றேன். முழுசாகத் துண்டுக்குள் அடங்கியது. அவன் குனிந்து அவளுக்கு விளக்குகளைக் காட்டிக்கொண்டிருந்தான். டப்பென்று ஃப்யூஸ் போனது, வண்டி நின்றது.

பிந்திவிட்டான். இந்தத் தடவை சந்தேகமே இல்லை, முன்சக்கரம் வெட்டைத் தாண்டி நிற்கிறது.

இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். அவள் அவனுடைய சட்டைக் கையைப் பிடித்திருந்தாள்.

மேசைக்கு அடியில் புகுந்து வேறு ஃப்யூஸைப் போட்டேன். கொஞ்ச நேரம் ஆனது. வெளியே வந்து, "ரெடியாடா? மறுபடி விடுறேன்" என்றேன்.