நான் வெளிநாட்டு மாணவி இல்லை

ஜனவரி 14, 2019, தக்கோரடி

கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது! நான் போட்ட கத்தலில் அம்மா பயந்துபோனாள். அடுத்த பத்தியைக் கத்தாமல் படித்தேன். என் முகவரி கானாவில் இருப்பதால் என்னை வெளிநாட்டு மாணவி என்று பதிந்திருக்கிறார்களாம். வெளிநாட்டு மாணவிக்கு அரசாங்க உதவித்தொகை கிடையாது. முதல் வருடச் செலவுக்கான பணம் முழுவதும் வங்கியில் இருப்பதாகச் சான்று அனுப்ப வேண்டுமாம்.

என் பச்சை அட்டை? அது என்ன, சந்தையில் வாங்கிய படமா? பன்னிரண்டு வயதில் அப்பா என்னை ஒஹாயோவுக்கு அழைத்துக்கொண்ட நாளிலிருந்து நான் அந்த நாட்டின் நிரந்தரக் குடியிருப்பாளர். பள்ளி முடித்த கையோடு, அம்மாவுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது என்று தெரிந்துதான் இங்கே வந்தேன். அதுவும் இரண்டு வருடம் வெளியே இருக்க முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு. ஓடிவரவில்லை.

அந்த அனுமதி இந்த செப்டம்பர் 3 வரைதான். அதற்குள் திரும்பாவிட்டால் அட்டையே போய்விடும்.

ஜனவரி 16

இங்கே மதியம் இரண்டு மணி, அங்கே அலுவலகம் திறக்கிற நேரம். உதவித்தொகைப் பிரிவில் ஹால்வர்சன் என்பவர் எடுத்தார்.

"நீங்க இப்ப கானாவுலதானே இருக்கீங்க?"

"ஆமா."

"அப்ப வெளிநாட்டு மாணவிதான்."

"சார், நான் எங்க படுத்துத் தூங்குறேன்னு சட்டம் கேக்கல. நிரந்தரக் குடியிருப்பாளரா இல்லையான்னுதான் கேக்குது."

"எங்க கம்ப்யூட்டர் அத ஏத்துக்காதும்மா."

"கம்ப்யூட்டர்கிட்ட குடுங்க, நான் பேசிக்கிறேன்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அட்டையின் இரண்டு பக்கத்தையும் அனுமதிப் புத்தகத்தையும் நகலெடுத்து அனுப்பினேன்.

ஜனவரி 30

பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன்.

பிப்ரவரி 6

பதில் இல்லை. மறுபடி. இனி புதன்கிழமைதோறும் ஒரு கடிதம். என் பெயர் எக்குவா, அப்படியென்றாலே புதன்கிழமை பிறந்தவள்தானே, அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

பிப்ரவரி 10

அப்பா கூப்பிட்டார்.

"என் முகவரியப் போடு. என்கூட இருக்கேன்னு எழுது. எனக்கு இங்கத்த அரசாங்க நம்பர் இருக்கு, வரிக்கணக்கு இருக்கு. அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்."

"உங்ககூட இல்லையேப்பா."

"காகிதத்துல எழுதுறதுக்கு என்ன?"

"அந்தக் காகிதத்துலேருந்து அம்மாவ எடுத்துடணும். அதானே?"

"உங்கம்மா பிடிவாதம் அப்படியே வந்திருக்கு."

"அவங்களோடதுதானே வரும்."

ஒரு பொய் சொன்னா எல்லாம் சுலபம். ஆனா ஒன்றரை வருஷமா யாரு அம்மாவக் குளிப்பாட்டினது? புளிச்ச சோள மாவுக் கெங்கேயைப் பிசைஞ்சு பிசைஞ்சு ஊட்டினது யாரு? நான் இருந்தது இங்க. அத அழிச்சிட்டுத்தான் படிக்கணும்னா — மாட்டேன்.

பிப்ரவரி 21

அரசாங்க உதவித்தொகை விண்ணப்பம். பெற்றோரில் யாரோடு வாழ்கிறேனோ அவருடைய விவரம் வேண்டும். அம்மாவுக்கு அமெரிக்க எண் கிடையாது. அப்படியானால் ஒன்பது பூஜ்யம் போடு என்கிறது.

"முப்பது வருஷம் மீன் புகைபோட்டு வித்தவ, ஒம்போது பூஜ்யமா?" என்றாள் அம்மா.

வருமானம் என்ற கட்டம் வந்ததும் இன்னும் மோசம். "ஏழைன்னு எழுதாதடி. நான் யார்கிட்டயும் கையேந்தினவ இல்ல." சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மீன் விற்பவர்களின் தலைவி எசாபா ஆன்ட்டியைப் போய்க் கூட்டிவந்தேன். அவர் சங்கத்தின் முத்திரையோடு வந்து அம்மாவின் கட்டிலிலேயே உட்கார்ந்தார்.

"அபா, ஒன்ன ஏழைன்னு யாரு சொன்னா? வித்தது இவ்ளோ, வெறகுக்குப் போனது இவ்ளோ, மருந்துக்குப் போனது இவ்ளோ. நான் எழுதித் தரேன். மிச்சத்தப் பாத்து அவனுங்க வெக்கப்படட்டும்."

அம்மா சுவரைப் பார்த்தபடியே சிரித்தாள். தோள் குலுங்கியது, தெரிந்தது.

மார்ச் 4

எண் இல்லாதவர் கணினியில் கையெழுத்திட முடியாது. தாளில் போட்டு அஞ்சலில் அனுப்ப வேண்டும். அம்மாவுக்கு வலது கைதான் வரவில்லையே.

"கைநாட்டு வைக்கலாமாம்மா?" என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன்?

"நான் ஆறாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவ."

மீன் சுற்றும் காகிதத்தில் இடது கையால் பழக ஆரம்பித்திருக்கிறாள்.

மார்ச் 11

தாளை மூன்று பிரதி அச்சடித்து வரச் சொன்னாள். முதலாவது கிழிந்தது. இரண்டாவதில் பெயர் கோட்டை விட்டு இறங்கிப்போனது. மூன்றாவதில் அபா குவான்சா. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கிறது, ஆனால் நிற்கிறது. கூரியரில் அனுப்பினேன். கூரியர்க்காரன் தாளை மடிக்கப் பார்த்தான். மடிக்க விடவில்லை.

ஏப்ரல் 17

அரசாங்கம் ஏற்றுக்கொண்டது! தகுதி உண்டு என்று எழுத்தில் வந்துவிட்டது. கல்லூரியில் நான் இன்னும் வெளிநாட்டு மாணவி. அந்தப் பதிலை ஹால்வர்சனுக்கு அனுப்பவில்லை. அவருக்கு மேலே இருக்கிற அம்மையாருக்கே அனுப்பினேன்.

ஏப்ரல் 24

ஒருவேளை இடம் போய்விட்டால்? அப்பா சொன்னதைக் கேட்டிருக்கலாமோ?

இல்லை.

மே 2

அந்த அம்மையாரே கூப்பிட்டார். "எங்க பதிவு தப்பு. மாத்திட்டோம். மன்னிச்சிடுங்க." உதவித்தொகை பெரும்பகுதிக்குப் போதும். மீதிக்குக் கல்லூரி நூலகத்தில் வேலை. நான் நன்றி சொன்னேன். பிறகு, முகவரியை வைத்து இப்படி ஒதுக்கப்பட்டவர்கள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கச் சொன்னேன்.

"பாக்குறோம்" என்றார்.

அப்பாவுக்கு ஒரு வரி எழுதினேன். அவரும் ஒரு வரிதான் எழுதினார்: டிக்கெட் நான் எடுக்கிறேன், அதையாவது வேண்டாம் என்று சொல்லாதே.

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19

அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எசாபா ஆன்ட்டி அனுப்பிவைத்தார். அமெரிக்க விமான நிலையத்தில் அதிகாரி அட்டையையும் அனுமதிப் புத்தகத்தையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா எங்க இருந்த?"

"எங்கம்மாகூட."

முத்திரை குத்தினார்.

செப்டம்பர் 11

வேதியியல் வகுப்பு முடிந்து வெளியே வந்து அம்மாவைக் கூப்பிட்டேன். ஒரே இரைச்சல். யாரோ யாரையோ திட்டுகிறார்கள்.

"எங்கம்மா இருக்க?"

"கடையில. எசாபா கொண்டாந்து ஒக்கார வச்சா."

"யாரு விக்கிறா?"

"யாரு விப்பா? எனக்கு எடது கை இருக்கில்ல?"

மருந்து சாப்பிட்டாயா, யார் துணைக்கு இருக்கிறார்கள் என்று கேட்க வாயெடுத்தேன்.

"வை, வை. ஆளுங்க நிக்கிறாங்க. எனக்கு வேல இருக்கு."

வைத்துவிட்டாள்.