திருப்புமுனைக்கு எட்டு மதிப்பெண்

டிசம்பர் 3, 2024, செவ்வாய்

பரீட்சை தேதி வந்துவிட்டது. இருபத்தொன்று, சனிக்கிழமை, வேலூரில். பி.ஏ. தமிழில் எனக்கு மிச்சம் இந்த ஒரு தாள்தான்: புனைகதைத் திறனாய்வு. போன இரண்டு தடவையும் போக முடியவில்லை. இதுவே கடைசி வாய்ப்பாம். விட்டால் படித்தது எல்லாம் வீண்.

அமாவாசை என்றால் ஆரணியில் தறி நிற்கும். பரீட்சை வைக்கிறவர்கள் ஒரு அமாவாசை பார்த்து வைக்கக் கூடாதா?

டிசம்பர் 5

வீட்டுக்காரரிடம் தேதியைச் சொன்னேன். தறியில் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை நிறுத்தாமலே, "இந்தப் பாவு முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார். எங்களுடையது கரை தனி நிறத்தில் வரும் சேலை. உடலுக்கு அவர் நாடா விடுவார், ஓரத்துக் கரைக்கு நான் விட வேண்டும். நான் எழுந்தால் அவர் கையும் நிற்கும்.

"வேற யாரையாவது உக்கார வெக்கலாமே" என்றேன். "இந்த வேலைக்கு ஆளு எங்க கெடைக்குது?" என்று மாமியார் அடுப்படிக்குப் போய்விட்டார்.

தறியில் நீளவாக்கில் ஏற்றியிருக்கும் பாவுநூல் எப்படியும் பதினாறு, பதினேழில் முடியும். பார்ப்போம்.

டிசம்பர் 9

படிக்க ஏது நேரம்? தறியில் உட்கார்ந்தபடியே பாடத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். கதைக்கரு, கதைப்பின்னல், மாந்தர், நோக்குநிலை, முரண், உச்சம், முடிவு. பாடத்தில் வரும் கதையையும் அவருக்குச் சொன்னேன். தங்கச்சியைப் பார்க்கப் போக ஆசைப்படுகிறாள் ஒருத்தி. வீட்டில் எல்லோரும் நல்லவர்கள். கடைசிவரை அவள் போகவில்லை.

"வில்லன் யாரு?" என்றார்.

"வில்லன் கெடையாதுங்க."

"அப்புறம் ஏன் போவல அவ? பேஜார் புடிச்ச கதையா இருக்குதே."

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வரவில்லை.

டிசம்பர் 13

சூர்யகலா போன் செய்தாள். தேவிகாபுரத்துக்காரி, கூடப் படிக்கிறவள். 'திருப்புமுனையை விளக்குக' கட்டாயம் வருமாம், எட்டு மதிப்பெண். கதாபாத்திரம் ஏதோ ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, அதைத் திரும்ப எடுக்க முடியாமல் போகிற இடம்தான் திருப்புமுனை என்று எழுதச் சொன்னாள்.

பாடக்கதையில் தேடித் தேடிப் பார்க்கிறேன், அப்படி ஓர் இடமே இல்லை. அந்தப் பெண் பெருமூச்சு விடுகிறாள், ஜன்னலைப் பார்க்கிறாள், குழம்பு கொதிக்கிறது. இவளை வைத்துக்கொண்டு நான் எப்படி எட்டு வாங்குவது?

டிசம்பர் 16

பாழாய்ப் போன கை!

காலையில் முதலாளி வீட்டிலிருந்து புதுப்பாவு வந்தது. பழைய பாவின் நுனியோடு அதை இழைக்கு இழை திரித்துச் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் அடுத்த சேலை தொடங்கிவிடும், தறி காலியாவதே இல்லை. எப்போதும் போல இழை வழுக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வேகமான கை என்று பெயர் வேறு. மத்தியானம் சாப்பிட எழுந்தபோதுதான் உறைத்தது — பாவு முடியட்டும் என்றுதானே காத்திருந்தேன்? முடிந்துவிட்டது. முடிந்ததே தெரியாதபடி நானே ஒட்டிவைத்தேன்.

எந்தப் பாவுதான் முடிஞ்சிருக்குது இந்த வூட்ல? ஒன்னு முடியறதுக்குள்ள இன்னொன்னு. கல்யாணம் ஆன நாளா இதே எடம், இதே பலகை, இதே கரை. மூச்சு முட்டுது.

சாப்பிட்டுவிட்டு வந்து மீதியையும் சேர்த்தேன்.

டிசம்பர் 17

எதுவும் எழுதத் தோன்றவில்லை.

டிசம்பர் 18

நோக்குநிலைக்குப் பயிற்சி: ஒரு கதையை வேறொரு பாத்திரத்தின் பார்வையில் எழுதுக. பாடக்கதை அலுத்துவிட்டது. எங்கள் வீட்டையே எடுத்து, அவர் பார்வையில் எழுதினேன்.

'என் பெயர் தென்னரசு. என் மனைவி அகல்யா ஓய்ந்த நேரத்தில் புத்தகம் படிப்பாள். பரீட்சைத் தேதி என்று ஏதோ சொன்னாள். பாவு முடியட்டும் என்றேன், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. புதுப்பாவு வந்ததும் அவளே உட்கார்ந்து சேர்த்தாள். பரீட்சையை விட்டுவிட்டாள் போல.'

அதற்கு மேல் பேனா ஓடவில்லை. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த வீட்டில் முரணே இல்லை! கடைசி வாய்ப்பு என்று நான் எங்கே சொன்னேன்? போகிறேன் என்றாவது சொன்னேனா?

டிசம்பர் 19

சொல்லிவிட்டேன். சாப்பாட்டின்போது, இரண்டு பேரும் இருக்கையில். "சனிக்கிழம நான் வேலூர் போறேன். இதான் கடைசி. வுட்டா மொத்தமும் போச்சு."

"தறி?" என்றார் மாமியார்.

"நிக்கட்டும் அத்த."

வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "மொதலாளி கேட்டா நான் இன்னா சொல்றது?"

"பரீட்சைக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க." பயமாக இருக்கிறது.

டிசம்பர் 21

எழுதிவிட்டேன். திருப்புமுனைக் கேள்வி வந்தது. இந்தக் கதையில் திருப்புமுனை இல்லை, அதுதான் அவள் துயரம் என்று துணிந்து எழுதினேன். இனி திருத்துகிறவர் பாடு.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நின்றுபோன தறியும் மாமியாரின் முகமும்தான் கண்ணில். தெருவில் திரும்பும்போதே தறிச் சத்தம் கேட்டது. உள்ளே என் இடத்தில் எதிர்வீட்டுச் சங்கீதா உட்கார்ந்து கரைக்கு நாடா விட்டுக்கொண்டிருந்தாள். நான் பஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் மாமியாரே போய்க் கூப்பிட்டாராம்.

"கூப்ட்டிருந்தா எப்பவோ வந்திருப்பேனே அக்கா" என்கிறாள்.

ஆள் எதிர்வீட்டிலேயே இருந்திருக்கிறது! கோபத்தில் அழுகை வந்தது. கொல்லைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

"நாளைக்கும் அவள வரச் சொல்லட்டா?" என்று அவர் கேட்டார். உங்க இஷ்டம் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"சொல்லுங்க" என்றேன்.