கரடி இறங்கும் விதம்

காவலூர்,
மாசி 9.

பட்டணத்தில் இருக்கும் என் பேத்தி நதியாவுக்கு ஆயா செல்லியம்மாள் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நீ படம் வரைந்து எழுதிய கரடிக்குட்டிப் புத்தகம் தபாலில் வந்தது. அட்டையில் உன் பேரைப் பார்த்ததும் கை கழுவிவிட்டு வந்துதான் பிரித்தேன். ஐந்தாவது வரை படித்தவள், எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க மூன்று நாள் ஆனது. அக்காக் குட்டி தம்பிக்கு மரமேறச் சொல்லித் தருகிறது. தம்பிக் குட்டி அக்காவுக்குப் புற்றை மோந்து கரையான் எடுக்கக் காட்டுகிறது. இரண்டும் அம்மாக் கரடியின் முதுகில் ஒட்டிக்கொண்டு போகிற பக்கத்தில் மலைத்துப்போய் உட்கார்ந்துவிட்டேன். சின்ன வயதில் இலுப்பைத் தோப்பில் நான் கண்ணால் பார்த்தது அது. உனக்கு ஒரே தடவைதான் சொன்னேன். அப்போது உனக்கு ஐந்து வயது. முன்குட்டி பின்குட்டியைத் திரும்பிப் பார்த்ததுகூட அப்படியே இருக்கிறதே! விரலால் தடவினேன். மயிர் குத்தும் என்றே நினைத்தேன்.

புளி உலுக்க ஆரம்பித்துவிட்டோம். காய்ப்பு பரவாயில்லை.

உன் தம்பி வெற்றிவேல் சங்கதி சொல்ல வேண்டும். அவன் கல்யாணத்துக்கு நீ வராமல், நீ போட வேண்டிய நாத்தனார் முடிச்சை உன் சித்தப்பா மகள் மஞ்சுளா போட்டதிலிருந்து இரண்டு வருஷமாக உன் பேச்சையே எடுக்காதவன். புத்தகத்தையும் தொடவில்லை. நேற்று புளியமரத்திலிருந்து இறங்கி வந்து, நான் சத்தமாகப் படிப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றான். திடீரென்று பிடுங்கிப் பார்த்து, "இன்னா ஆயா இது, குட்டி தலைகீழா எறங்குது? இது இன்னா அணிலா? கரடி பின்னங்காலத் தொங்கவுட்டுத்தான் எறங்கும். அக்காவுக்கு இதுகூடத் தெரியாதா?" என்றான்.

அக்கா என்றான், நதியா.

பென்சில் தேடி எடுத்து, அந்தப் பக்கத்திலேயே கரடி இறங்குவதை வரைந்துவிட்டான். கோழிக் கிறுக்கல்தான். ஆனால் நகம் மரத்தைப் பிடிப்பது சரியாக இருக்கிறது. புதுப் புத்தகத்தைப் பாழாக்கிட்டியே என்று அவன் பெண்டாட்டி அன்பரசி திட்டினாள். "அடுத்த வாட்டி சரியாப் போடட்டும்" என்றான்.

அந்தப் பக்கத்தைக் கிழித்து அனுப்ப மனசு வரவில்லை. நீயே வந்து பார். பங்குனியில் அன்பரசிக்குப் பிள்ளை பிறக்கும். பேர் வைக்க அத்தை வேண்டும். கூப்பிடு என்று அவன் சொல்லவில்லை. ஆனால் பென்சிலை அந்தப் பக்கத்திலேயே வைத்து மூடியிருக்கிறான்.

உன் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், தாயே.

உன் ஆயா,
செல்லியம்மாள்