அடைக்காத ஓட்டை

பாய்,

நேற்று உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தெருப் பக்கச் சுவரில் அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது. நீங்கள் திணித்து வைத்த சாக்கு ஈர வாடை அடித்தது. நீங்கள் காலமாகி எட்டு மாதமாகியும் யாரும் அதை அடைக்கவில்லை. ஒரு சின்னப் பொய்யை இத்தனை வருடம் வைத்திருப்பது அலுப்பாக இருக்கிறது, பாய்.

இரண்டாயிரத்து ஆறில் லப்பைக்குடிக்காட்டில் நீங்கள் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தீர்கள். நான் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்து கம்ப்யூட்டர்களைச் சரிபார்த்துக் கொடுப்பேன். இடுப்பு எலும்பு முறிந்து உங்கள் அம்மா படுக்கையில் கிடந்தார். ஜித்தாவிலிருந்த உங்கள் தம்பிக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் லீவு. அவர் முகத்தை அம்மா படுத்தபடியே கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும். அதற்காகவே, கடையிலிருந்து எதிர்ச்சாரியில் இருந்த உங்கள் வீட்டுக்கு வயரில்லாமல் நெட் கொண்டுபோக ஒரு வைஃபை பெட்டி வாங்கி வந்தீர்கள்.

"கேட்வேன்னா வாசல்தானே சேகரு? வாசல் நம்பர சரியா போடு, போதும்" என்றீர்கள். நான் அதில்தான் கோட்டைவிட்டேன். மோடத்தின் நம்பரையே புதுப் பெட்டிக்கும் கொடுத்துவிட்டேன். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்ட மாதிரி. நெட் வருவதும் போவதுமாக இருந்தது. ஜும்மா முடிந்து நீங்கள் ஓடி வந்தபோது, அம்மா புதுத் துப்பட்டி போட்டுத் தலையணையில் சாய்ந்து காத்திருந்தார். அங்கே தம்பி கம்ப்யூட்டர் முன்னால் காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்து போயே விட்டார்.

என் தப்பு அப்போது எனக்கே தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "உங்க வூட்டு செவுரு ரொம்பத் தடி பாய். சிக்னல் ஏறல."

அடுத்த வெள்ளி நான் வருவதற்குள் கொத்தனாரை வைத்துச் சுவரில் ஓட்டை போட்டிருந்தீர்கள். அன்றைக்குத்தான் கடையில் உட்கார்ந்து பார்த்தபோது நம்பர் கண்ணில் பட்டது. சத்தமில்லாமல் மாற்றினேன். அம்மா மகனைப் பார்த்து அழுதார். "பாத்தியா, ஓட்ட போட்டதும் எப்புடி வருதுன்னு!" என்று என் முதுகில் தட்டினீர்கள். நானும் தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

ஐப்பசி மழை அந்த வழியாகக் கூடத்துக்குள் அடித்தது. "அடைச்சா சிக்னல் போயிடும்" என்று சாக்கைத் திணித்தீர்கள். வெள்ளிக்கிழமை காலையில் மறக்காமல் உருவிவிடுவீர்கள். அம்மா போன பிறகும் உருவினீர்கள்.

இப்போதும் யார் வீட்டுக்குப் போனாலும் நம்பர் போடும் அந்தக் கட்டத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். நேற்று உங்கள் வீட்டில் புதுக் கனெக்‌ஷன். நான்தான் மாட்ட வேண்டும். பெட்டி வீட்டுக்குள்ளேயே இருக்கும்; ஓட்டைக்கு இனி ஒரு வேலையும் இல்லை. நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவியிடம் உள்ளதைச் சொல்லி, அடைக்கச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

அக்கா எழுந்து சாக்கை உருவினார். "இதுக்கு நேரா மாட்டுங்க தம்பி. இங்கதான் நல்லா வரும்னு அவுங்க சொல்லுவாங்க."

ஓட்டைக்கு நேராகவே ஆணி அடித்துவிட்டு வந்தேன், பாய்.