யாரும் உழாத துண்டு

ஏப்ரல் 9

இரண்டு பேர் சமாதானமாகிவிடக் கூடாது என்று ஆசைப்படுகிறவள் எந்த வகை மனுஷி? தெரியவில்லை. இன்று காலையிலிருந்து நான் அந்த வகை.

ஊரில் ஓர் அண்ணன் வயலுக்கும் அவர் தங்கை வயலுக்கும் நடுவில் கிடக்கிறது அந்தத் துண்டு. எல்லைத் தகராறு, தீராத வழக்கு. ஒருவர் உழுதால் மற்றவர் கோர்ட்டுக்கு ஓடுவார் என்பதால் புல் தன் இஷ்டத்துக்கு வளர்ந்தது. அதற்குள் வானம்பாடிகள் தரையில் கூடு கட்டின. இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் அவை இவ்வளவு இல்லை. பறவைப் பாதுகாப்பு வேலையில் நான் எழுதும் அறிக்கைகளில் இதற்கு ‘வாழிடப் பாதுகாப்பு’ என்று பெயர். உண்மைப் பெயர் வீம்பு.

போன மாதம் அண்ணனுக்கு இதய ஆபரேஷன். தங்கை ஆஸ்பத்திரிக்குப் போனாராம், இருவரும் அழுதார்களாம். தங்கையே போனில் சொன்னார்: “எல்லாம் முடிஞ்சுது மேடம். அடுத்த வாரம் சர்வேயர் வர்றார். கல்லு நட்டுட்டு ஆளுக்குப் பாதியா உழுதுடுவோம்.”

“ரொம்ப சந்தோஷம்” என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

ஏப்ரல் 10

ஐந்து கூடுகள். மூன்றில் முட்டை. இரண்டில் கண் திறக்காத குஞ்சுகள்.

ஏப்ரல் 12

சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். “அவங்க ஒண்ணு சேர்றதுக்கு உன் மூஞ்சி ஏன் தொங்குது? நீ பறவைக்கு வக்கீலா, இல்ல கோள்மூட்டியா?” என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. மூட்டுவதற்குக் கோள் ஒன்று என் கையில் இருக்கிறதே! போன வருஷம் ஒரு காலையில் அண்ணன் டிராக்டரை அந்தத் துண்டுக்குள் விட்டு ஒரு சால் ஓட்டிப் பார்த்தார். நான் பார்த்தேன். தங்கைக்கு இன்றுவரை தெரியாது. ஒரு வார்த்தை போதும் — இன்னும் எத்தனையோ வருஷத்துக்கு அந்தப் புல்லை யாரும் தொட மாட்டார்கள்.

தனியார் நிலம். எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. கேட்கலாம், கெஞ்சலாம். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து செய்வது அதுதான்.

ஏப்ரல் 14

தங்கையின் நம்பரைப் போட்டேன். அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். ச்சீ, என்ன பொழப்பு இது.

ஏப்ரல் 15

அண்ணன் வீட்டுக்கே போனேன். தங்கையும் இருந்தார், அவருக்கு மாத்திரை பிரித்துக் கொடுத்தபடி. இருவரிடமும் உள்ளதைச் சொன்னேன். கூடுகள் இருக்கின்றன, ஒரு மாதம் உழாமலிருந்தால் குஞ்சுகள் பறந்துவிடும், முடியாது என்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அண்ணன் ஓட்டிய அந்த ஒரு சால் பற்றி வாய் திறக்கவில்லை.

“நாம அடிச்சுக்கிட்டதுல இதுங்க குடும்பம் நடத்தியிருக்கு பாரேன்!” — அண்ணன்.

“இளிக்காதேண்ணா, தையல் பிரிஞ்சுடும்” என்றார் தங்கை. பிறகு என்னிடம், “விதை வாங்கியாச்சே மேடம். நாளைக்குக் கல்லு நடட்டும், பார்ப்போம்.”

என் அனுபவத்தில் ‘பார்ப்போம்’ என்றால் முடியாது.

ஏப்ரல் 16

நடந்தது இதுதான்.

சர்வேயர் டேப்பை இழுத்துக் குறித்த இடம் சரியாக ஒரு கூட்டின் மேல் விழுந்தது. தாய்ப்பறவை அவர் காலடியிலிருந்து விர்ரென்று எழும்பியது. தங்கை குனிந்தார். உள்ளே மூன்று வாய்கள், எல்லாம் திறந்தபடி. வெகுநேரம் நிமிரவில்லை.

“கல்லை என் பக்கம் தள்ளி நடுங்க” என்றார்.

“அதெப்படி? உன் நிலம் குறையும். என் பக்கம் தள்ளுங்க சார்.”

“நீ சும்மா இருண்ணா. எப்பவும் நீதான் பெரிய மனுஷன் ஆகணுமா?”

“ஆபரேஷன் பண்ணினவனை அதட்டுறியே, நீயெல்லாம் ஒரு தங்கச்சியா?”

சர்வேயர் டேப்பைச் சுருட்டினார். “யார் விட்டுக்கொடுக்கிறதுன்னு மொதல்ல பேசி முடிங்க. நான் அடுத்த மாசம் வர்றேன்” என்று பைக்கை எடுத்தார்.

கல் நடவில்லை. டிராக்டர்கள் கொட்டகையை விட்டு வரவில்லை. நான் பார்த்துப் பார்த்து அடி வைத்துப் புல்லுக்கு வெளியே வந்தேன். அவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.