பெடல் ரப்பரும் நல்லெண்ணெயும்

அல்வால்,
விய வருஷம், கார்த்திகை 2

சிரஞ்சீவி குணசேகரனுக்கு, உன் தகப்பன் உலகநாதன் ஆசி கூறி எழுதுவது. திருவருளால் நானும் உன் தாயும் சுகமே. மொம்பாசாவில் நீயும் அவ்வாறே இருப்பதாக, காலையும் மாலையும் விளக்கின் முன் நின்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்கிறோம். துறைமுக வேலையை இன்னும் ஐந்தாண்டு நீட்டித்துக்கொண்டதாகவும், ஆகையால் உன் சின்னக் காரை விற்றுவிடலாம் என்றும் ஆவணியில் நீ எழுதிய கடிதம் கிடைத்தது. முதல் செய்தியை உன் தாய் இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். இரண்டாவதை நான் அவளுக்கு வாசிக்கவே இல்லை. அந்தக் கார் கொட்டகையில் நிற்கும்வரை நீ திரும்பி வருவாய் என்று ஏழாண்டுகளாக நம்பியிருப்பவள் அவள். அவள் மட்டும் என்று எழுதுவது பொய்.

என்னோடு ரயில்வே பணிமனையில் இருந்த பிட்டர் ஆரோக்கியசாமி ஞாயிறுதோறும் மாதா கோவில் பூசை முடித்து வந்து எஞ்சினை ஓட்டிவைப்பது உனக்குத் தெரியும். அவர்தாம், இப்பக்கம் வீடு வீடாகச் சென்று பிரசவம் பார்க்கும் டாக்டர் ஜுலைகா அம்மாளைப் புரட்டாசி இறுதியில் காரைப் பார்க்க அழைத்துவந்தார். வாணியம்பாடிக்காரர், கார் நன்றாக ஓட்டுவார். வாசலிலிருந்து புளியமரம் வரை போய்த் திரும்பி வந்தவருக்கு, பிரேக்கை மிதித்ததும் கால் வழுக்கிவிட்டது. பூக்கூடையோடு நின்ற உன் தாய்க்கு ஒரு முழம் முன்னால் கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தினார். இறங்கி, தம் செருப்பின் அடியைத் தடவி மோந்து பார்த்து, “ஐயா, இது பிரேக்கா, தாளிக்கிற கரண்டியா?” என்றார்.

குற்றம் என்னுடையது. ஆயுத பூசைதோறும் ஸ்டியரிங்குக்கும் சக்கரங்களுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். பெடல்கள் கால் மிதிக்கும் இடம்; அங்கே சந்தனம் வைப்பது அபசாரம். ஆனால் காரில் உன் உடல் அதிகம் பட்ட இடமும் அதுவே. அதை மட்டும் வெறுமையாக விட மனம் ஒப்பவில்லை. ஆதலால் தீபாவளிக் காலையில் உன் பாதங்களுக்குத் தடவுவது போல ஆண்டுதோறும் அந்த ரப்பர்களுக்கு நல்லெண்ணெய் தடவிவந்தேன். ஆரோக்கியசாமி டார்ச் விளக்கோடு தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். பிரேக் ரப்பரில் வரி என்பதே இல்லை. வலது மூலை மட்டும் தேய்ந்து அடித்தகடு தெரிந்தது. நீ குதிகாலைச் சாய்த்து மிதிப்பாயே, அதனால். மற்ற இடமெல்லாம் எண்ணெய் குடித்து உப்பி, நகத்தால் கீறினால் களியாக வந்தது. கிளட்சு ரப்பர் விரலால் திருப்பினாலே தகட்டின் மேல் சுழன்றது. “ரப்பருக்கு எண்ணெ ஆகாது சாமி, விஷம்! நீங்க மகனுக்குச் செஞ்ச பூசைக்கு அம்மா இல்ல பலியாகப் பாத்தாங்க?” என்று அவர் கத்தினார். உன் தாயோ என்னைக் கேட்டது வேறு: “விக்கிறதுக்கா ஓட்டிப் பாத்தாங்க?” அன்று அவள் சாப்பிடவில்லை.

ஜுலைகா அம்மாள் கோபிக்கவில்லை. ரப்பரை மாற்றிச் சொல்லியனுப்புங்கள், எடுத்துக்கொள்கிறேன் என்று போய்விட்டார். ஆரோக்கியசாமி சிகந்தராபாத்தில் நான்கு கடை ஏறி இறங்கி, நம் பெடலின் அளவுக்குப் புதிய ரப்பர்கள் இரண்டைக் கொண்டுவந்து தந்தார். சாவகாசமாக மாட்டலாம் என்று அவற்றை வாங்கிப் பூசை அலமாரியில் வைத்தேன். மகனே, மூன்று வாரம் வைத்திருந்தேன். மாட்டாதிருக்கும்வரை கார் நம்முடையது என்ற எண்ணம். கற்ற பாடல்களெல்லாம் இறைவன் திருவடியைப் பற்றச் சொல்கின்றன. அறுபத்தெட்டு வயதில் நான் பற்றிக்கொண்டிருந்ததோ மகனின் கால் தேய்த்த ரப்பரை. தீபாவளி கழித்து ஒரு நாள் கடைத்தெருவில் அந்த அம்மாளைக் கண்டேன். ஏறி வந்த ஜட்கா வண்டியின் அச்சு முறிந்து, மருந்துப்பெட்டியைத் தாமே சுமந்து, சேறு தெறித்த புடவையோடு ஏதோ ஒரு பிரசவத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “என்ன ஐயா, ரப்பர் கப்பல்ல வருதா? மெதுவா வரட்டும், குழந்தைங்கதான் காத்திருக்க மாட்டேங்குது!” என்று சிரித்தபடி கடந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றே ஆரோக்கியசாமியை அழைத்தேன். அவர் முறை சொல்ல, நானே செய்தேன். மழுங்கிய திருப்புளியால் பழைய ரப்பரின் விளிம்பை நெம்பி எடுத்தேன். தகட்டைச் சோடா உப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்து, துரு நீக்கி, உலரவிட்டேன். புதிய ரப்பரை வெந்நீரில் இட்டு இளக்கித் துடைத்து, ஒரு பக்கம் கோத்து மறுபக்கம் இழுத்து, விளிம்பு நாற்புறமும் தகட்டைக் கவ்வியிருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பார்த்தேன். காலால் அழுத்தித் திருகினேன், அசையவில்லை. பழையவற்றை ஆரோக்கியசாமி குப்பையில் எறிந்தார், நான் தடுக்கவில்லை. பிறகு உள்ளே போய் உன் கடிதத்தை உன் தாய்க்கு முழுவதுமாக வாசித்தேன். அவள், “அந்த டாக்டரம்மாவே எடுத்துக்கட்டும். நம்ம வீட்டுக் காரு ஏறிப் போயி நாலு புள்ளைங்க பொறக்கட்டும்” என்றாள். வெள்ளிக்கிழமை கார் போயிற்று.

குணசேகரா, உனக்கு நான் எழுதிய கடிதங்களிலெல்லாம் கார் காத்திருக்கிறது, டயர் காய்கிறது, ஒருமுறை வந்து ஓட்டிப் பார் என்றே எழுதிவந்தேன். தகப்பன் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டுக் காரைக் கேட்கவைத்தேன். இனி அந்தச் சாக்கு இல்லை. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். உன் தாய்க்கும் அவ்வாறே. ஐந்தாண்டு என்பது எங்கள் வயதில் பெரிய எண்.

கடலும் காற்றும் உனக்கு இதமாயிருக்க, இறைவன் உன்னை முன்னும் பின்னும் நின்று காக்க. இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுவதற்கு முன்பே, மேலதிகாரியிடம் விடுப்பு கேட்டு விண்ணப்பம் கொடு.

உன் வரவை நோக்கியிருக்கும்
தகப்பன்
உலகநாதன்

உன் தாய் கனகவல்லி தன் கையால் ஒரு வரி எழுதக் கேட்கிறாள், இடம் விடுகிறேன்.

வா சாமி.